கோரப்படாத வட்டி மானியம்: அண்ணனின் வாராக்கடனும் தங்கையின் கல்விக் கடன் விண்ணப்பமும்

இது 2018 முதல் 2025 வரை ஒரு குடும்பத்தில் நடந்தது. பிள்ளைகள் இருவர், கல்விக் கடன்களும் இரண்டு. அண்ணனின் கடன் வாராக்கடன் ஆனதால் தங்கைக்குக் கடன் மறுக்கப்பட்டது. கல்விக் கடன் உதவி மையத்துக்கு வந்தபோது பெற்றோர் கேட்டது தங்கையின் கடனைப் பற்றி மட்டுமே. முதல் கடனில் தவணை தொடங்குவதற்கு முன்பே தவறு நேர்ந்திருந்ததும், அந்தத் தவறு பையனுடையது அல்ல என்பதும் கணக்கைத் திறந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. குடும்பம், வங்கிகள், கல்லூரிகள் ஆகியவற்றின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி

நாமக்கல் மாவட்டத்தின் விசைத்தறிப் பகுதி. தந்தை தறி ஓட்டுபவர், வாரக் கூலி. தாய் வீட்டிலிருந்தபடி தறிக்கான நூல் தார் சுற்றுகிறார். மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினர். குடும்பத்தில் அதற்கு முன் யாரும் பட்டம் வாங்கியதில்லை.

மகன் 2018இல் பொறியியல் கலந்தாய்வில் ஒரு தனியார் சுயநிதிக் கல்லூரியில் இடம் பெற்றார். முதல் பட்டதாரி சான்று இருந்ததால் கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதி கழிந்தது. மீதிக் கட்டணம், விடுதி, தேர்வுக் கட்டணம், புத்தகம் எல்லாவற்றுக்குமாக ஒரு பொதுத்துறை வங்கி ஆண்டுக்கு 95,000 ரூபாய் வீதம் நான்கு ஆண்டுகளுக்கு 3,80,000 ரூபாய் கடன் அனுமதித்தது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 4 லட்சம் வரை முன்பணப் பங்கு (கடன் வாங்குபவர் தன் கையிலிருந்து போட வேண்டிய தொகை), சொத்துப் பிணை, மூன்றாம் நபர் ஜாமீன் எதுவும் கேட்கக் கூடாது. இங்கேயும் கேட்கவில்லை. தந்தை மட்டும் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டார். பின்னால் எல்லாமே இந்தக் கையெழுத்தைச் சுற்றித்தான் நடந்தது.

படிப்புக் காலமும் அதன் பிறகு ஓராண்டும் தவணை விடுப்பு. அந்தக் காலத்துக்குத் தனிவட்டி மட்டும் சேரும். 2022 மே மாதம் படிப்பு முடிந்தது. 2023 ஜூன் 5 முதல் தவணை. ஏழு ஆண்டுகள், அதாவது 84 தவணைகள்.

மகனுக்கு 2023 தொடக்கத்தில் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. சம்பளம் 14,000. மே மாதக் கடைசியில் வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியில் தவணை 8,650 ரூபாய் என்றிருந்தது. 3.8 லட்சத்துக்கு இவ்வளவு தவணை எப்படி வந்தது என்று அப்போது வீட்டில் யாரும் கேட்கவில்லை. வட்டியெல்லாம் சேர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கடன் வாராக்கடன் ஆன விதம்

ஜூன், ஜூலை தவணைகளை முழுதாகக் கட்டினார். ஆகஸ்டிலிருந்து அறை வாடகையும் சாப்பாடும் போக மாதம் 3,000தான் முடிந்தது. ‘ஏதோ கட்டிக்கொண்டுதானே இருக்கிறோம், கணக்கு கெடாது’ என்பது அவர் நம்பிக்கை. பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் வங்கியின் மென்பொருளுக்கு ஒரே கேள்விதான்: மிகப் பழைய பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது? 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன்.

கட்டும் பணம் முதலில் பழைய பாக்கிக்கு வரவாகும். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை கட்டிய நான்கு 3,000 ரூபாயில் 8,650 ஆகஸ்ட் தவணைக்குப் போனது. மீதி 3,350 செப்டம்பர் தவணையில் சேர்ந்தது. செப்டம்பர் 5இன் தவணையில் 5,300 ரூபாய் அப்படியே நின்றது. டிசம்பர் முதல் வாரத்தில் அந்தப் பாக்கிக்கு 90 நாள் கடந்தது. ஒவ்வொரு மாதமும் பணம் கட்டிக்கொண்டிருந்தபோதே கணக்கு வாராக்கடன் ஆனது இப்படித்தான்.

வசூல் முகவர் ஒருவர் 2024 மார்ச்சில் காலை 7 மணிக்குத் தறிப் பட்டறைக்கே வந்து, முதலாளியும் மற்ற தொழிலாளர்களும் பார்க்கத் தந்தையிடம் சத்தம் போட்டார். காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ கடனாளியை அழைக்கக் கூடாது, பிறர் முன்னிலையில் அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் வெளியிட்ட சுற்றறிக்கை சொல்கிறது. தந்தைக்கு அது தெரியாது. அவர் அந்த வாரம் வேலைக்கே போகவில்லை.

தங்கையின் விண்ணப்பம்

மகள் 2024இல் பிளஸ் டூ முடித்து, கலந்தாய்வின் இரண்டாம் சுற்றில் இடம் பெற்றார். நல்ல கல்லூரி, கேட்ட பாடப்பிரிவு. இடத்தை உறுதி செய்யச் சுயஉதவிக் குழுக் கடனும் நகை அடகுமாக 30,000 ரூபாய் கட்டினார்கள்.

இதற்கிடையே உதவிகள் ஒவ்வொன்றாகக் கை நழுவின. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி முதல் பட்டதாரி சான்று கேட்டார்கள். அண்ணன் ஏற்கனவே பட்டதாரி என்பதால் விண்ணப்பம் தள்ளுபடியானது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்திருந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றிருக்கும். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மகள் படித்தது அரசு உதவிபெறும் பள்ளி. இரண்டையும் நம்பித்தான் குடும்பம் கணக்குப் போட்டு வைத்திருந்தது. கடன் என்ற யோசனையே இவை போன பிறகுதான் வந்தது.

கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கும் வித்யாலட்சுமி இணையதளத்தில் அப்போது ஒரே விண்ணப்பத்தை மூன்று வங்கிகளுக்கு அனுப்ப முடிந்தது. கணினி மையத்தில் உட்கார்ந்து மூன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். முதலாவது, அண்ணனின் கடன் இருக்கும் அதே கிளை. தந்தைதான் இணைக் கடனாளி என்பதால் அது மறுநாளே நிராகரித்தது. தளத்தில் காரணம் ‘பிற’ என்று மட்டும் இருந்தது. இரண்டாவது கிளை, ‘உங்கள் ஊர் எங்கள் சேவைப் பகுதியில் வராது’ என்று வாய்மொழியாகச் சொன்னது. மூன்றாவதிலிருந்து பதிலே இல்லை.

விண்ணப்பத்திலும் கோளாறு இருந்தது. தாசில்தார் தந்த வருமானச் சான்றில் ஆண்டு வருமானம் 96,000, விண்ணப்பத்தில் 1,80,000. கணினி மையத்தில் இருந்தவர், ‘வருமானம் கொஞ்சம் அதிகமாகக் காட்டினால்தான் கடன் தருவார்கள்’ என்று சொல்லிப் போட்டது. தந்தையின் பெயர் ஆதாரில் இனிஷியலோடும் பான் அட்டையில் விரிவாகவும் இருந்தது. இவை சின்ன விஷயங்கள்தான். ஆனால் மறுக்க நினைக்கும் கிளைக்கு இதுபோன்ற முரண் ஒன்று போதும்.

உதவி மையத்தில்

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் தந்தையும் மகளும் வந்தார்கள். கையில் நிராகரிப்பின் அச்சுப் பிரதி, முகவர் கொடுத்த ஒரு துண்டுச் சீட்டு. சீட்டில் 3,75,000 என்று எழுதி வட்டம் போட்டிருந்தது. நிலுவை 5.24 லட்சம், ஒரே தடவையில் 3.75 லட்சம் கட்டினால் கணக்கை முடித்துவிடலாம் என்று முகவர் சொல்லியிருந்தார்.

“ஒன்றரை லட்சம் தள்ளுபடிங்கறாங்க. வீட்டுமனை ஒண்ணு இருக்குதுங்க, அதை வித்துக் கட்டிப்போட்டா புள்ளைக்குக் கடன் கெடைச்சிருமுங்களா?” என்பதுதான் தந்தையின் கேள்வி.

பதில் சொல்லும் முன் மூன்று தாள்கள் கேட்கப்பட்டன: கடன் அனுமதிக் கடிதம், முதல் நாளிலிருந்து முழு ஸ்டேட்மெண்ட், 2018இல் வங்கிக்குக் கொடுத்த வருமானச் சான்றின் நகல். அனுமதிக் கடிதமும் சான்றும் வீட்டில் இருந்தன. ஸ்டேட்மெண்டைக் கிளையில் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கிளை முதலில் கடைசி ஓராண்டுக்கு மட்டும் கொடுத்தது. முதல் பட்டுவாடா தேதியிலிருந்து வேண்டும் என்று எழுதிக் கொடுத்த பிறகு முழுவதும் வந்தது.

ஏழு பக்கம். பற்றுப் பத்தியில் ஆகஸ்ட் தோறும் 95,000 பட்டுவாடா, இடையில் மாதந்தோறும் வட்டி. வரவுப் பத்தியில் 2018 ஆகஸ்டிலிருந்து 2023 மே வரை ஒரு வரிகூட இல்லை. அந்த வெறுமையான பத்தியில்தான் சிக்கலின் தொடக்கம் இருந்தது.

வெறுமையான பத்தி சொன்னது

மத்திய அரசின் கல்விக் கடன் வட்டி மானியத் திட்டம் 2009-10 கல்வியாண்டில் தொடங்கியது. பெற்றோரின் மொத்த ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்கல்விக்கு வாங்கிய கடனில் 7.5 லட்சம் வரைக்கும் தவணை விடுப்புக் கால வட்டி முழுவதையும் அரசே ஏற்கும். ஒரு மாணவருக்கு ஒரு முறைதான். அப்போதைய நடைமுறையில் மாணவர் தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. வருமானச் சான்றை வாங்கிவைத்துக்கொண்டு, முகமை வங்கியான கனரா வங்கி மூலம் கடன் கொடுத்த வங்கிதான் மானியத்தைக் கோர வேண்டும். பணம் கடன் கணக்கில் வரவாகும்.

2018 ஏப்ரல் 1க்குப் பிறகான கடன்களுக்கு ஒரு நிபந்தனை சேர்ந்தது: கல்லூரிகளை மதிப்பிடும் நாக் அமைப்பின் அங்கீகாரம் கல்லூரிக்கோ, தொழில்நுட்பப் பாடப்பிரிவுகளை மதிப்பிடும் என்பிஏ அமைப்பின் அங்கீகாரம் பாடப்பிரிவுக்கோ இருக்க வேண்டும். இந்தக் கடன் 2018 ஆகஸ்டில் தொடங்கியதால் அது பொருந்தும். கிளை மேலாளரும் முதலில் இதைத்தான் சொன்னார்: “அந்தக் காலேஜுக்கு அங்கீகாரம் இருந்திருக்காது.”

அதற்கான ஆதாரம் கட்டண ரசீதிலேயே இருந்தது. அப்போது கட்டண நிர்ணயக் குழு அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு விதித்திருந்த ஆண்டுக் கட்டணம், அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000, பெறாததற்கு 50,000. சலுகை கழிக்கும் முன் ரசீதில் இருந்த தொகை 55,000. அதைக் காட்டிக் கேட்டதும் கல்லூரி அலுவலகம் 2018ஆம் ஆண்டில் நடப்பிலிருந்த அங்கீகாரக் கடிதத்தின் நகலைக் கொடுத்தது. தகுதி பற்றிய சந்தேகம் அதோடு தீர்ந்தது.

இனி கணக்கு. வட்டி விகிதம் இடையிடையே சற்று மாறியது. புரிவதற்காக இங்கே 10.5 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். நான்கு பட்டுவாடாக்களும் 2023 ஜூன் வரை முறையே 58, 46, 34, 22 மாதங்கள் நின்றன; மொத்தம் 160 மாதங்கள். 95,000 ரூபாய்க்கு 160 மாதத் தனிவட்டி 1,33,000. இது மானியமாக வந்திருக்க வேண்டிய தொகை. வராததால் அசலோடு சேர்ந்து 3,80,000 என்பது 5,13,000 ஆனது. 84 தவணைக்கு 5,13,000த்தின் மாதத் தவணை 8,650. 3,80,000த்தின் தவணை 6,407. மாதம் 2,243 ரூபாய் கூடுதல்.

முகவர் சொன்ன ‘தள்ளுபடி’யையும் இதே கணக்கில் பார்க்க வேண்டும். மானியம் வந்ததாக வைத்து, பையன் கட்டிய பணத்தையெல்லாம் கழித்தால் 2024 ஆகஸ்டில் நிலுவை ஏறத்தாழ 3.72 லட்சம். முகவர் கேட்டது 3.75 லட்சம். ஒன்றரை லட்சம் தள்ளுபடி என்று சொல்லப்பட்டது, அந்தக் குடும்பம் தரவேண்டியிராத பணத்தைத்தான். அதற்காகத்தான் வீட்டுமனை விற்கப்பட இருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, முகவர் சொன்னதுபோல் ஒரே தொகை கட்டிக் கணக்கை முடிக்கும் ஒருமுறைத் தீர்வுக்குப் போவதில்லை என்பது. வேறு வழியே இல்லாதவர்களுக்கு அது நியாயமான வழிதான். லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) மூலம் அப்படி முடித்துக்கொண்டு நிம்மதியானவர்கள் உண்டு. ஆனால் அப்படி முடித்த கணக்கு, ஒருவரின் கடன் வரலாற்றைக் காட்டும் கடன் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று நிற்கும். முழுதாகக் கட்டி முடித்ததாக ஆகாது. தந்தை பெயரில் அந்தக் குறிப்பு இருக்கும்வரை அடுத்த கடனுக்கு அது பெரிய தடை. மேலும் தீர்வுக் கடிதத்தில் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று கையெழுத்து வாங்குவார்கள். 1,33,000 கேட்கும் உரிமையும் அதோடு போய்விடும்.

அடுத்தது, இரண்டு கடன்களையும் தனித்தனிப் பாதையில் கொண்டுபோவது. அண்ணனின் கணக்கைச் சரிசெய்ய மாதங்கள் ஆகும். கல்லூரிக் கட்டணம் அதுவரை காத்திருக்காது. எனவே தங்கையின் கடனுக்குத் தந்தைக்குப் பதில் தாயை இணைக் கடனாளியாகக் காட்ட முடிவானது. தாய் முதல் கடனில் கையெழுத்திட்டவர் அல்லர். குழுக் கடனை ஒழுங்காகக் கட்டி வந்தவர். கடன் வரலாறு சிறியது என்றாலும் கெட்டதில்லை. தந்தையின் நிலையை மறைக்கவும் இல்லை. ஒரு தனித்தாளில் முதல் கடன், அதன் மீதான புகார், புகாரின் நகல் எல்லாவற்றையும் எழுதி விண்ணப்பத்தோடு இணைத்தார்கள். வங்கியே பின்னர் கண்டுபிடித்தால் ஏமாற்ற முயன்றதாகத் தோன்றும்.

குறைந்த சிபில் மதிப்பெண்ணை, அதாவது கடன் வரலாற்று மதிப்பெண்ணைக் காட்டி மட்டும் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று 2023 மே மாதம் கேரள உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. அதை முதல் கடிதத்திலேயே எடுத்துக்காட்டலாமா என்ற பேச்சு வந்தது. வேண்டாம் என்று முடிவானது. வேறு மாநிலத் தீர்ப்பு இங்குள்ள கிளையைக் கட்டாயப்படுத்தாது. கடன் கொடுக்க மனம் உள்ள மேலாளரையும் அது முதல் நாளிலேயே எதிராளி ஆக்கிவிடும்.

மூன்றாவதாக, அண்ணனின் வங்கியிடம் கருணை கேட்காமல், கடமை தவறியதைக் கேட்பது. ‘வட்டியைக் குறையுங்கள்’ என்ற மனுவுக்கும் ‘நீங்கள் கோரவேண்டிய மானியத்தைக் கோரவில்லை, அதனால் நேர்ந்த இழப்பை ஈடு செய்யுங்கள்’ என்ற புகாருக்கும் நிறைய வேறுபாடு. முன்னதை எந்தக் காரணமும் சொல்லாமல் மறுக்கலாம். பின்னது சேவைக் குறைபாடு. அதற்கு வங்கி பதில் சொல்லியாக வேண்டும்.

அண்ணனின் கடன்: செப்டம்பர் 2024 முதல் மார்ச் 2025 வரை

செப்டம்பர் முதல் வாரத்தில் கிளைக்கும் வட்டார அலுவலகத்துக்கும் ஒரே புகார் போனது. இரண்டு பக்கத்துக்கு மேல் இல்லை. கடன் எண், பட்டுவாடா தேதிகள், வருமானச் சான்றின் எண்ணும் தேதியும், அங்கீகாரக் கடிதம், வட்டிக் கணக்கு, கேட்கும் நிவாரணம் இவ்வளவுதான். கிளையில் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கப்பட்டன. முகவர் பட்டறைக்கு வந்தது பற்றி நாள், நேரத்தோடு தனிக் கடிதம். அதன்பிறகு முகவர் வரவில்லை.

அதே வாரம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு. பொதுத்துறை வங்கி என்பதால் இது முடிந்தது. தனியார் வங்கி என்றால் இந்த வழி இல்லை. கேள்வி ஒன்றுதான்: இந்தக் கணக்குக்கு 2018-19 முதல் 2023-24 வரை ஒவ்வோர் ஆண்டும் வட்டி மானியம் கோரப்பட்டதா, இல்லையென்றால் ஏன்? ‘ஏன் கோரவில்லை’ என்று மட்டும் கேட்டால் ‘தகவல் இல்லை’ என்று பதில் வரக்கூடும். ஆண்டுவாரியாக ஆம், இல்லை என்று சொல்ல வேண்டிய வடிவில் கேட்டால் தப்பிக்க இடமில்லை.

புகாருக்கு வங்கியின் பதில் செப்டம்பர் கடைசியில் வந்தது: பழைய ஆண்டுகளுக்கான கோரிக்கைக் காலம் முடிந்துவிட்டது, இனி தளத்தில் ஏற்ற முடியாது. தகவல் மனுவுக்கான பதில் அக்டோபரில் வந்தது: எந்த ஆண்டும் கோரப்படவில்லை, கணக்கு தொடங்கியபோது மானியத் தகுதிக் குறியீடு ‘இல்லை’ என்று பதியப்பட்டிருக்கிறது. வருமானச் சான்று கோப்பில் இருக்கிறது என்பதையும் அதே பதில் ஒப்புக்கொண்டது. இதற்கு மேல் வேறு ஆதாரம் தேவைப்படவில்லை.

ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம் 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் செய்திருக்க வேண்டும். வங்கி மறுத்தாலோ 30 நாளில் பதில் தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் புகார்த் தளத்தில் பதியலாம். அந்தத் திட்டப்படி மறுப்பு வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் பதிய வேண்டியிருந்தது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. அக்டோபர் நடுவில் பதிவானது. அரசு மானியம் தரவேண்டும் என்று கேட்கவில்லை. மானியம் வாங்கித் தரும் பொறுப்பு வங்கியுடையது, அது தவறியதால் கடனாளிக்கு ஏற்பட்ட இழப்பை வங்கி ஏற்க வேண்டும் என்று கேட்கப்பட்டது. அப்படிக் கேட்டதால் ‘கோரிக்கைக் காலம் முடிந்துவிட்டது’ என்ற பதிலுக்கு அங்கே வேலையில்லாமல் போனது.

2025 ஜனவரியில் சமரசப் பேச்சு. 1,33,000 ரூபாயையும் அதன்மீது ஏறிய வட்டியையும் 2023 ஜூன் தேதியிட்டு வரவு வைக்க வங்கி ஒப்புக்கொண்டது. பிப்ரவரியில் கணக்கு மாற்றி எழுதப்பட்டது. தவணை 6,407 ஆனது.

கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. வாராக்கடன் பதிவையே கடன் அறிக்கையிலிருந்து நீக்க வேண்டும் என்ற கோரிக்கையை வங்கி ஏற்கவில்லை. தவணை 6,407 என்றே இருந்திருந்தாலும் 3,000 கட்டியவர் பாக்கிதாரர்தான் என்றது. கசப்பாக இருந்தாலும் அந்த வாதத்தை மறுப்பது கடினம். 6,407 என்றால் தந்தையும் சேர்ந்து கட்டியிருப்பார் என்று குடும்பம் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் காகிதத்தில் அதைக் காட்ட வழியில்லை.

எனவே பாக்கியைத் தீர்ப்பதுதான் மிஞ்சிய வேலை. புதிய கணக்குப்படி ஜனவரி வரை 20 தவணைக்கு 1,28,140 வந்திருக்க வேண்டும், வந்தது 71,300. பாக்கி 56,840. வாராக்கடன் கணக்கு மீண்டும் ஒழுங்கான கணக்காக வேண்டுமென்றால் பாக்கி முழுவதும் தீர வேண்டும். ஒரு பகுதி கட்டினால் போதாது என்று ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தெளிவுபடுத்தியிருக்கிறது. பையனின் சேமிப்பும் கூட்டுறவு வங்கி நகைக்கடனுமாக முழுத் தொகையையும் பிப்ரவரியில் ஒரே நாளில் கட்டினார்கள். நிலுவை சுமார் 3.17 லட்சமாக இறங்கியது.

தவணைக் காலத்தை 15 ஆண்டாக நீட்டிக் கேட்டால் மாதத் தவணை இன்னும் குறையுமே என்று பையன் கேட்டார். குறையும்தான். ஆனால் பணமுடையில் உள்ளவருக்குத் தரும் நீட்டிப்பு மறுசீரமைப்பாகக் கருதப்பட்டு, இப்போதுதான் மீண்ட கணக்கு மறுபடியும் வாராக்கடன் வகைக்குப் போகும் அபாயம் இருந்தது. சம்பளமும் அதற்குள் 19,000 ஆகியிருந்தது. அதனால் கேட்கவில்லை. மார்ச்சில் எடுத்த கடன் அறிக்கையில் கணக்கு ஒழுங்கானது என்று காட்டியது. பழைய மாதங்களின் தாமதம் மட்டும் அப்படியே தெரிகிறது.

தங்கையின் கடன்

செப்டம்பரில் மாவட்ட நிர்வாகமும், மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியும் சேர்ந்து நடத்திய கல்விக் கடன் முகாமில் விண்ணப்பம் மீண்டும் கொடுக்கப்பட்டது. வருமானம் சான்றில் உள்ளபடி 96,000. இணைக் கடனாளி தாய். பெயர் வேறுபாட்டுக்கு உறுதிமொழித் தாள். கல்லூரியின் செலவு விவரச் சான்றில் நான்கு ஆண்டுக்கும் தனித்தனியாகத் தொகை. கேட்டது 3,40,000 ரூபாய். 4 லட்சத்துக்குள் இருக்கும்படி விடுதி தவிர்த்து பேருந்துக் கட்டணமாக மாற்றிக்கொண்டார்கள்.

‘சேவைப் பகுதியில் வராது’ என்ற பழைய பதில் இங்கேயும் வந்தது. மாணவரின் வீடு சேவைப் பகுதிக்கு வெளியே இருக்கிறது என்பதற்காகக் கல்விக் கடன் விண்ணப்பத்தை மறுக்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் 2012 நவம்பர் சுற்றறிக்கையின் நகலை முன்னோடி வங்கி மேலாளர் முன்னிலையில் காட்டியதும் கிளை விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டது. எதிர்த்துப் பேச வேண்டியிருக்கவில்லை. அந்த இளம் அதிகாரி சுற்றறிக்கையை உண்மையிலேயே அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தார்.

அனுமதி வரும்வரை கல்லூரிக்கு என்ன சொல்வது என்பதுதான் மிக நெருக்கடியான கட்டம். மூன்று வட்டிக்குக் கைமாற்று வாங்கப் போன தந்தையைத் தடுத்து, விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்று கிளையிடம் ஒரு கடிதம் வாங்கிக் கல்லூரியில் கொடுத்ததில் நவம்பர் 15 வரை அவகாசம் கிடைத்தது. அக்டோபர் கடைசியில் கடன் அனுமதியானது. நவம்பர் முதல் வாரம் கல்லூரிக் கணக்குக்கு நேரடியாகப் பணம் போனது.

கையெழுத்திடும் நாளில் வருமானச் சான்றோடு ஒரு முகப்புக் கடிதம் கொடுத்து, வட்டி மானியத் தகுதியைக் கணக்கில் பதியும்படி கேட்டு, நகலில் முத்திரை வாங்கப்பட்டது. அனுமதிக் கடிதத்திலேயே மானியத் தகுதி பற்றி ஒரு வரி சேர்க்கச் சொன்னபோது கிளை சற்றுத் தயங்கிச் சேர்த்தது.

இன்னொரு உதவியும் தாமதமாக வந்தது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவியருக்கும் புதுமைப்பெண் திட்டம் 2024 டிசம்பர் கடைசியில் விரிவுபட்டது. மாதம் 1,000 ரூபாய். கல்லூரி வழியாகப் பதிந்தும் பணம் வரவில்லை. இத்தகைய உதவிகள் படிவத்தில் எழுதிய கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை. ஆதாரோடு கடைசியாக இணைந்த வங்கிக்குப் போகும். ஒரு செல்பேசிக் கடையில் சிம் வாங்கியபோது கைரேகை வைத்துத் திறந்த சிறு கணக்கொன்றுக்கு அந்த இணைப்பு மாறியிருந்தது மாணவிக்கே தெரியாது. ஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்து, தன் வங்கியில் ஒப்புதல் படிவம் கொடுத்து மாற்றிய பிறகு தொகை சரியான கணக்குக்கு வரத் தொடங்கியது.

இதே நிலை மறுபடி வந்தால் மாற்ற வேண்டியவை

முதலாவது, ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் கடன் கணக்கின் ஸ்டேட்மெண்டை வாங்கிப் பார்ப்பது. தவணை விடுப்புக் காலத்தில் யாரும் கடன் கணக்கைத் திறப்பதில்லை. கட்ட வேண்டியது எதுவும் இல்லை என்பதுதான் காரணம். தவறு நடப்பதும் அந்த ஐந்து ஆண்டுகளில்தான். 2019 ஏப்ரலில் பார்த்திருந்தால் குறியீட்டை ‘ஆம்’ என்று மாற்றுவது கிளையில் ஒரே நாள் வேலை.

இரண்டாவது, தவணை தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே வங்கிக்கு எழுதுவது. வேலையில்லாத, சம்பளம் குறைந்த காலத்துக்குத் தவணையை ஒத்திவைக்கவும், முதல் ஆண்டுகளில் சிறிதாகத் தொடங்கிப் பிறகு உயரும் தவணை அமைக்கவும் மாதிரித் திட்டத்தில் இடமுண்டு. 14,000 சம்பளக்காரர் 2023 மார்ச்சில் சம்பளச் சீட்டோடு இதைக் கேட்டிருந்தால் 90 நாள் கணக்கே தொடங்கியிருக்காது. பாக்கி விழுந்த பிறகு அதே கோரிக்கை வேறு வகையாகப் பார்க்கப்படும்.

வங்கிகளைத் தேர்ந்தெடுப்பதிலும் மாற்றம் வேண்டும். குடும்பத்தில் யாருடைய கடனாவது சிக்கலில் இருந்தால் அதே கிளையை முதல் இடத்தில் போடக் கூடாது. விண்ணப்பிக்கும் முன்பே பெற்றோர் இருவரின் கடன் அறிக்கையையும் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். மாதிரித் திட்டப்படி நிராகரிப்புக்கு அடுத்த மேல்நிலை அதிகாரியின் ஒப்புதல் தேவை. காரணமும் மாணவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். ‘பிற’ என்பது காரணம் ஆகாது.

உதவி மையங்களின் பக்கம் ஒன்று. வாராக்கடனோடு யார் வந்தாலும் ஒருமுறைத் தீர்வு பற்றிப் பேசும் முன் மானிய வரவு உண்டா என்று பார்ப்பது இனி முதல் வேலையாகிறது. 4.5 லட்சத்துக்குக் கீழ் வருமானமும் வெறுமையான வரவுப் பத்தியும் சேர்ந்து தெரிந்தால், புகாரும் தகவல் மனுவும் அதே நாளில் போக வேண்டும்.

தங்கையின் கணக்கை 2025 ஏப்ரலில் பார்த்தபோது மானியத் தகுதிக் குறியீடு ‘ஆம்’ என்றிருந்தது. முதல் ஆண்டின் மானியம் இன்னும் வரவாகவில்லை. கோரிக்கை எந்தத் தேதியில் ஏற்றப்பட்டது என்று கேட்டு அவர் கிளைக்குக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்திருக்கிறார்.